நாலு குரல் பாட்டுக்கு ஒரு மென்பொருள்

என் வலது கை டம்ளரைப் பிடித்தால் சும்மா இருக்கும். பேனாவைப் பிடித்தால் நடுங்கும். வயதுக்கு வருகிற நடுக்கம்தான், பெரிய நோய் ஒன்றுமில்லை, காப்பியைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். மூன்று வேளைக் காப்பியை ஒன்றாக்கினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. காப்பி போனதுதான் மிச்சம்.

வேறு ஒருவருக்கு இது பெரிய காரியமாக இருக்காது. எனக்குப் பெரிய காரியம். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு இசைக்குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. ஐந்து கோடு போட்டு, கோட்டின் மேலும் இடைவெளியிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்து, கீழே பாட்டின் சொற்களை அசை அசையாகப் பிரித்து எழுத வேண்டும். பெண்களுக்குச் சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ் என்று நாலு குரல். நான் பேஸ். என் மனைவி ஆல்ட்டோ. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணுவதும் கோடு போடுவதும் கைக்குப் பழகியவை. இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன திருவிழாவில், மாதா சப்பரம் தெருவில் போகும்போது பாடும் சப்பரப் பாட்டில் ஒரு புள்ளி பிசகிவிட்டது. இடைவெளியில் வைக்க வேண்டியதை என் கை கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஆல்ட்டோவில் ஆறு பேர். ஆறு பேரும் அந்தத் தப்பை ஒற்றுமையாக, சத்தமாகப் பாடினார்கள். சப்பரத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த எனக்குக் காதுக்குள் எறும்பு புகுந்தது போல இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம், பிசகு தெரிந்தும் ஏன் பாடினாய் என்று கேட்டேன்.

"நீங்க எழுதினதத்தான் பாடினோம். ஏழாவது ஆளா வானத்துலேர்ந்து சம்மனசே எறங்கி வந்து நின்னாலும் அதத்தான் பாடியிருக்கும்" என்றாள்.

இந்த ஆண்டு திருவிழாவுக்கு முன்னால் குழுவை நடத்துகிறவர் வீட்டுக்கே வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கீபோர்டு வாசிப்பார். என்னை மாமா என்று கூப்பிடுவார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்பரப் பாட்டை இனிமேல் எல்லோரும் ஒரே குரலில் பாடிவிடலாம். சொற்களைப் போனில் குரூப்பில் போட்டுவிட்டால் போதும், தாள் தேவையில்லை. உங்களுக்கும் கை முடியவில்லை.

ஒரே குரல் என்றால் சொப்ரானோ பாடுவதையே எல்லோரும் பாடுவது. பேஸ் என்று ஒன்று இருக்காது. ஆல்ட்டோவும் இருக்காது. நானும் மனைவியும் திருமணமான நாளிலிருந்து அந்தப் பாட்டை வெவ்வேறு ராகத்தில்தான் பாடி வந்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரரும் பாடுவதையே நானும் பாடுவதற்குக் கோயிலுக்குப் போக வேண்டுமா? வீட்டிலிருந்தே பாடலாம். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. அச்சடித்தது போலச் சுத்தமான தாள் கொடுத்தால் நாலு குரலையும் வைத்துக்கொள்வீர்களா என்று மட்டும் கேட்டேன். முதல் பயிற்சிக்கு முன்னால் கொடுத்தால் பார்க்கலாம் மாமா என்றார். பார்க்கலாம் என்பது என்ன மாதிரி சொல் என்று அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. கப்பலில் வேலை செய்கிற மகன் வாங்கியது. அவன் புதிது வாங்கிக்கொண்டதும் இது எங்களுக்கு மிச்சமானது. இரண்டு ஜிபி நினைவகம். பொத்தானை அழுத்திவிட்டு, முகம் கழுவி, ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தால் அது விழித்திருக்கும். கடல் பக்கம் வீடு என்பதால் உப்புக்காற்று அதன் முதுகுத் திருகாணிகளைத் தின்றுவிட்டது. மின்கட்டணம் கட்டவும், மகனின் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று பார்க்கவும் அது போதும். இசைக்குறிப்பு எழுதப் போதுமா என்று தெரியவில்லை. மகனிடம் கேட்கலாம் என்றால் அவன் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட வேண்டும்.

பொறுக்க முடியாமல் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாமிரபரணிக்கரை நெல்வயல் ஊர்க்காரர். என்னைவிட இருபது வயதாவது இளையவர். கடைக்காரர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்றேன். வயதானவன் என்பதால் அவர் என்னை அண்ணாச்சி என்றார். இரண்டு அண்ணாச்சிகளும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் பேசினோம். இசை எழுதும் மென்பொருள் வேண்டும் என்றேன். கல்யாண வீடியோவில் பாட்டுச் சேர்க்கிற ஒன்றைக் காட்டினார். அது இல்லை என்றதும் பாட்டை வெட்டி ரிங்டோன் செய்கிற ஒன்றைக் காட்டினார். கடைசியில் ஒரு பழைய பில்லின் முதுகில் ஐந்து கோடு போட்டுக் காட்டினேன். கை நடுங்கி ஐந்தும் வளைந்து போயின.

"இது என்ன அண்ணாச்சி, கடலா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒருவழியாக விளங்கியது. தேடிப் பார்த்து, உலகம் முழுக்கப் பெரிய ஆட்கள் பயன்படுத்தும் ஒன்று இருக்கிறது, விலையைக் கேட்டால் தலை சுற்றும், ஆனால் பூட்டு உடைத்ததைச் சல்லிசாக ஏற்றித் தருகிறேன் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் கேட்டேன்.

"மாதா பாட்டத் திருட்டு சாமான்ல எழுதப் போறியளாக்கும்" என்றாள் மனைவி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மகனின் கப்பல் கரையைத் தொட்டது. அவன் போனில் நாலு மென்பொருள்களைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொன்றையும் பழைய வழக்கப்படி பார்ப்பது என்று முடிவு செய்தேன். கப்பல் சரக்கு வந்தால் மேலே தெரிகிற மூட்டையைப் பார்த்து எல்லாம் நல்ல சரக்கு என்று கையெழுத்துப் போடக் கூடாது. நடுவிலிருந்து ஒன்றை உருவிக் குத்திப் பார்க்க வேண்டும். எனக்குக் குத்திப் பார்க்கச் சப்பரப் பாட்டு இருந்தது. நாலு குரல், கீபோர்டு, தமிழ்ச் சொற்கள். எது இதைத் தாங்குகிறதோ அதுவே என்னுடையது.

முதலாவது, கடைக்காரர் சொன்ன அந்தப் பெரியது. விற்பனைக்கு இல்லை, ஆண்டு வாடகைக்குத்தான் என்று தெரிந்தது. வாடகையை நிறுத்தினால் நான் எழுதிய பாட்டை நானே திறந்து திருத்த முடியுமா என்று மகனிடம் கேட்டேன். அது சந்தேகம்தான் அப்பா என்றான். எப்படியும் அது எங்கள் கணினியில் ஏறவே மறுத்துவிட்டது. நினைவகம் போதாதாம். எனக்கும் இப்போது அதே நிலைதான் என்பதால் கோபம் வரவில்லை.

இரண்டாவது, விலைக்கு விற்கிற ஒன்றின் குறைத்த வடிவம். அதை இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் நாலு வரிசைக்கு மேல் எழுத விடாது. எனக்குத் தேவை ஆறு. பெண் குரல் இரண்டை ஒரு வரிசையிலும் ஆண் குரல் இரண்டை ஒரு வரிசையிலும் அடக்கினால் கீபோர்டின் இரண்டும் சேர்த்து நாலாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அதில் மவுஸ் என்கிற எலியைப் பிடித்துப் புள்ளி வைக்க வேண்டியிருந்தது. எலியைப் பிடித்தாலும் கை நடுங்கியது. பேனாவில் பிசகியது போலவே இதிலும் புள்ளி பக்கத்துக் கோட்டில் போய் உட்கார்ந்தது. மை செலவில்லாமல் அதே தப்பைச் செய்யலாம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. பிடிவாதமாக எழுதினேன். இரண்டாம் அடி முடிகிற இடத்தில் மென்பொருள் ஒரு கோளாறு செய்தது.

அந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். பாட்டு முழுவதும் பார் என்று சொல்லும் சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அறைக்கு நாலு தாளத் தட்டு. பதினாறு அறையில் ஒரு சரணம் முடியும். இரண்டாம் அடி "கரையே" என்று முடிகிறது. அது எட்டாவது அறை. நான் நீட்டிப் பாடும் "யே"யை வைத்ததும், அந்த மென்பொருள் அதை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை அடுத்த அறைக்குள் தள்ளிவிட்டது. திரும்ப வைத்தேன். திரும்ப வெட்டியது. இலவசம் என்றால் இப்படித்தான் என்று சொல்லி அழித்துவிட்டேன்.

மூன்றாவது இணையத்திலேயே எழுதுவது. கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. தமிழ் எழுத்து அதில் அழகாக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் காற்று பலமாக அடித்தால் இணையம் போய்விடும். இங்கே காற்று எப்போது பலமாக அடிக்காமல் இருக்கிறது? சில பாட்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளப் பணம் கேட்கவும் செய்தது. அதிலும் எட்டாவது அறையில் அதே வெட்டு. இரண்டு மென்பொருளும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்கின்றன, இரண்டையும் செய்தவர்கள் சொந்தக்காரர்களாக இருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது, முழுக்க இலவசம். பணம் வாங்காமல் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து செய்தது. அதன் புதிய பதிப்பு எங்கள் கணினியில் ஏறவில்லை. அதே தளத்தில் பழைய பதிப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மகன் சொன்னான். பின்னோக்கிப் போய்ப் போய் மூன்றாவது பதிப்பை எடுத்தேன். ஏறியது. திறக்க நேரமானாலும் திறந்தது. தமிழ் எழுத்துதான் சிதறியது. "ரை"யின் சங்கிலிக் கொம்பு ஓர் இடத்தில், ரகரம் ஓர் இடத்தில், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். எழுத்துருவை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தேன். ஏழாவதில் கொம்பு ரகரத்தோடு ஒட்டிக்கொண்டது.

அதில்தான் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். எலி தேவையில்லை. எண் விசையை அழுத்தினால் சுரத்தின் நீளம், எழுத்து விசையை அழுத்தினால் சுரம். நடுங்கும் விரலானாலும் ஒரு விசையின் மேல் இறங்கிவிட்டால் விசை அதே விசைதான். கோட்டுக்கும் இடைவெளிக்கும் நடுவே தடுமாற வேண்டாம். அன்றைக்குப் பகல் சாப்பாட்டை மறந்து சொப்ரானோ முழுவதையும் அடித்து முடித்தேன். எட்டாவது அறையில் இதுவும் வெட்டியது. போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே போனேன். முடித்துவிட்டு, வழக்கம்போல் எண்ணினேன்.

பதினேழு அறைகள். என் தாளில் பதினாறு.

டாலி வேலையில் இறங்கிய மூட்டை கணக்கில் குறைந்தால் அவ்வளவு பயமில்லை. கிழிந்தது, கடலில் விழுந்தது, யாரோ எடுத்தது என்று எழுத ஒரு காரணம் கிடைக்கும். கூடினால்தான் வம்பு. கூடினால் எண்ணியவன் மேல் சந்தேகம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, எட்டாவது அறையை விரல்விட்டு எண்ணினேன். க, ஒன்று. ரை, இரண்டு. யே, மூன்று, நான்கு, ஐந்து.

வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி இருந்தது. அது இருந்தால் இரண்டு தட்டு மூன்றாகும். என் கையால் நான் வைத்தது. பழைய தாள்களைக் கட்டவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருந்தது. எனக்கு முன்னால் எழுதியவர் விட்டுப்போன தாளிலும் இருந்தது. அவர் வைத்தார் என்று நானும் வைத்திருக்கிறேன். நாலு தட்டு அறையில் ஐந்து தட்டு. மூன்று மென்பொருளும் சரியாகத்தான் சொல்லியிருந்தன. இரண்டை நான் திட்டி அனுப்பியிருந்தேன்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கப்பக் கப்பலா மூட்ட எண்ணின மனுசன், அஞ்சு வரைக்கும் எண்ணிப் பாக்கலயாக்கும்" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டாலிப் பலகையில் நாலு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டால்தான் ஒரு கட்டு முடியும். என் கண்ணுக்கு ஐந்து என்பது நிறைந்த கணக்கு. நாலில் நிற்பதுதான் எனக்குக் குறையாகத் தெரிந்திருக்கும். வேறு வேலை பார்த்த ஒருவர் இந்தத் தாளைப் படியெடுத்திருந்தால் முதல் ஆண்டே கண்டுபிடித்திருப்பாரோ என்னவோ.

சரி, தப்பு தெரிந்தது, திருத்திவிடலாம் என்று அந்தக் கறுப்புப் புள்ளியை எடுத்தேன். பதினாறு வந்தது. மற்றக் குரல்களிலும் எடுத்தேன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இருபத்திரண்டு பிரதி எடுத்தோம். கோடு கோடாக இருந்தது, புள்ளி புள்ளியாக இருந்தது. மனைவி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கை வைக்கவே கூசுது என்றாள்.

முதல் பயிற்சி கோயிலை ஒட்டிய கூடத்தில். குழுவை நடத்துகிறவர் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கீபோர்டில் தானாகத் தாளம் போடும் பொத்தானை அழுத்திவிட்டு வாசிக்கத் தொடங்கினார். முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாம் அடி முடிவில் குழு "யே"யைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீபோர்டு மூன்றாம் அடிக்குப் போய்விட்டது. நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். திரும்ப அதே இடத்தில் அது முன்னால் போனது, நாங்கள் பின்னால் நின்றோம். தாளில் நாலு என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். பாடும்போது ஐந்து வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், என் வாயிலும் ஐந்துதான் வந்தது.

அவர் தாளப் பொத்தானை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வருசமும் இந்தப் பாட்டுக்குத் தாளம் ஒத்துவராமல் போவது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். தன் வாசிப்பில்தான் ஏதோ குறை என்று நினைத்து, அதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். ஒரே குரலாகப் பாடிவிடலாம் என்று அவர் வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"தாள்ல நாலு இருக்கு மாமா. நாலு பாடுங்க. வரலைன்னா ஒத்தக் குரல்ல வச்சிருவோம். ஒரு ராகம்னா நான் எப்படியும் இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

நான் பயந்தது அப்படியே முன்னால் வந்து நின்றது. இத்தனைக்கும் தாள் சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை பாடச் சொன்னார். நான் பாடவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேஸ் கடைசி வரிசை. எனக்கு முன்னால் எல்லோருடைய முதுகும் காலும் தெரியும். செருப்பு வாசலில் கிடந்தது. எல்லோரும் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் அடியில் பாதிப் பேருக்குமேல் குதிகால் எழும்பி எழும்பித் தரையில் பட்டது. "யே" வந்தது. அவர்கள் எல்லோருடைய வலது காலும் தரையில் பதிந்து ஒரு தட்டு அப்படியே நின்றது. மனைவியுடையதும்தான். அதற்குப் பிறகு இடது கால் எழும்பியது. மின்விசிறிக்கடியில் நின்ற இடத்திலேயே அவர்கள் சப்பரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாட்டை உட்கார்ந்து பாடுவதே இல்லை. சப்பரம் நகரும்போது மட்டும்தான் பாடுவோம். மரச்சக்கரம் இருந்த நாளில் வடத்தை ஓர் இழுப்பு இழுத்தால் கொஞ்ச தூரம் போகும். பிறகு வடத்தைத் தளர விட்டு, கை மாற்றிப் பிடித்து, அடுத்த இழுப்பு. பின்னால் வருகிறவர்கள் காலை வைத்த இடத்தில் ஒரு நொடி நின்றுதான் ஆக வேண்டும். நிற்காவிட்டால் முன்னால் போகிறவர் முதுகில் முட்டும். பாட்டு அந்த நிற்றலையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. எனக்கு முன்னால் எழுதியவர் காதில் கேட்டதைப் புள்ளியாக வைத்தார். அதை நான் எடுத்துவிட்டேன்.

எழுந்து நின்று இதைச் சொன்னேன். ஆமாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மனைவி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். நடத்துகிறவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"சப்பரத்துக்கு டயர் மாட்டி எத்தன வருசமாச்சு மாமா. இப்ப எங்கன நிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு பின்னால் நடந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. ஓர் அறையில் மட்டும் ஐந்து தட்டு வைத்து, மற்றவற்றில் நாலையே வைக்க அந்தப் பழைய பதிப்பு இடம் கொடுக்குமா என்று தேடினேன். ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடினேன். நடுவில் ஒரு தடவை மின்சாரம் போய், சேமிக்காத டெனர் முழுவதும் போனது. அந்த வாடகை மென்பொருளை வாங்கியிருக்கலாமோ, அதில் இது ஒரே பொத்தானாக இருக்குமோ என்று மனம் அலைந்தது. ஒருநாள் காலையில் எட்டாவது அறையின் மேல் எலியின் வலது பொத்தானை அழுத்தியபோது ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அறையின் பெயரளவு நீளம் நாலு என்று இருந்தது. உண்மை நீளம் என்று கீழே இன்னொரு கட்டம். அதிலும் நாலு. இரண்டாவது கட்டத்தில் நாலை அழித்து ஐந்து என்று அடித்தேன். கறுப்புப் புள்ளியைத் திரும்ப வைத்தேன், வெட்டாமல் உட்கார்ந்தது. அதற்குப் பின் வந்தவை தம் இடத்துக்கு நகர்ந்தன. எண்ணினேன். பதினாறு. மறுபடியும் எண்ணினேன்.

பாதுகாப்புக்கு நாலு தட்டுப் பிரதியும் ஐந்து தட்டுப் பிரதியும் இரண்டையும் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். அங்கன பாதிப் பேரு அதப் பாடுவான், பாதிப் பேரு இதப் பாடுவான், பொறவு சப்பரம் கடலுக்குள்ளதான் போவும் என்றாள் மனைவி. நாலு தட்டுத் தாள்கள் இருபத்திரண்டின் முதுகிலும் பலசரக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னும் தீரவில்லை.

அடுத்த பயிற்சியில் நடத்துகிறவர் ஐந்து தட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். தாளப் பொத்தானைத் தொடாமல் வாசித்தார். நாலு குரலும் ஒன்றையொன்று முட்டாமல் போயின. முடித்ததும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை. ஜனங்கள் கைதட்டிப் பாடுகிறபோது தாளம் இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும், சப்பரத்தன்று பார்த்துக்கொள்வோம் என்றார். மறுபடியும் அதே பார்க்கலாம்தான். அவர் கை அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் எட்டாவது அறையில் குழு சிதறும். சிதறினால் சொப்ரானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போவார். கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரை எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சப்பரத்தன்று சாயங்காலம் கீபோர்டையும் ஒலிபெருக்கியையும் ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி, சப்பரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் விட்டார்கள். அவர் அதில் உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் வரிசையில் வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, அவருடைய இடது கை தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டேன். என் கையில் தாள் ஆடியது. கடற்காற்றும் அடித்துக்கொண்டிருந்தது. எதனால் ஆடியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பாட்டைத் தொடங்கினார். இடது கை பொத்தான் பக்கம் போய், அங்கேயே காற்றில் நின்று, திரும்பிவந்து கட்டைகளில் விழுந்தது. முதல் அடி. இரண்டாம் அடி. "யே." எனக்கு அவர் கையையும் வடத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஓரத்தில் நின்றதால் சப்பரத்துக்கு முன்னால் வடம் பிடித்தவர்களும் தெரிந்தார்கள், அவர்களும் பாடிக்கொண்டிருந்தார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட பாட்டு, அவர்கள் வாயிலும் அதே ஐந்து. அந்த "யே"யில் அவர்கள் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. வடம் தொய்ந்தது. டயர் போட்ட சப்பரம் தானாக உருண்டிருக்கலாம். நின்றது. பிறகு நகர்ந்தது.

ஆறு சரணம். முதலாவதில் நின்றது, நிச்சயம். இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில் ஒரு பள்ளம் வந்தது, அதற்காக நின்றதா பாட்டுக்காக நின்றதா என்று சொல்ல முடியாது. நாலாவதில் எனக்கு முன்னால் திருவிழாக் குடைகளை விரித்துவிட்டார்கள். ஐந்திலும் ஆறிலும் நின்றது. குடைக்காரர்களை இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

ஆறு சரணத்திலும் அவர் பொத்தானை அழுத்தவில்லை. ஜனங்களின் கைதட்டல் எட்டாவது அறையில் ஒரு தட்டு தாமதித்தே விழுந்தது. ஆல்ட்டோ சுத்தமாக இருந்தது. பேஸ் கொஞ்சம் சத்தம் கூடிவிட்டது என்று மனைவி சொன்னாள். இருக்கலாம்.

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் அவர் வண்டியிலிருந்து இறங்கி, ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். அந்தப் பாட்டின் கோப்பை அனுப்பச் சொன்னார். குருத்தோலை ஞாயிற்றுப் பவனிப் பாட்டையும் நாலு குரலில் அடித்துத் தரச் சொன்னார்.

"அதுல எங்கயாவது அஞ்சு கெடக்கான்னு இப்பவே எண்ணிச் சொல்லிருங்க மாமா. பயிற்சியில வச்சுச் சொல்லாதிய" என்றார்.

அதுவும் நடந்துகொண்டே பாடுகிற பாட்டு. வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். முதல் அடியில் சந்தேகமில்லை. இரண்டாவது அடியில், பவனி கோயில் வாசல்படி ஏறும்போது பாடுகிற இடத்தில், ஏதோ இடித்தது. தெருவில் நின்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். மனைவி கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பி நின்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.